படகு இறைக்கும் நேரம்

சாபோலுவின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. இது சாலெமோவா கிராமம் முழுவதற்கும் தெரியும்.

தெரியாமல் இருக்க வழியில்லை. வீட்டுக்குச் சுவர் கிடையாது. மேலே கூரை, சுற்றிலும் தூண்கள், தரையில் பாய், அவ்வளவுதான் வீடு. நடுவில் ஆஸ்பத்திரியில் கொடுத்த எடை மெஷின். காலையில் சாபோலு அதன்மேல் ஏறினால், ரொட்டி வாங்கப் போகிறவர்கள், தேவாலயம் பெருக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார்கள்.

"தூணை விடுங்க," என்றாள் அவர் மனைவி ரூத்தா.

"எந்தத் தூணை?"

"ஒரு கையால அழுத்திக்கிட்டு நிக்கிறீங்களே, அந்தத் தூணை."

விட்டார். முள் நூற்றுப் பதினைந்துக்குத் தாவியது. சாலையில் நின்ற இரண்டு பெண்கள் மரியாதைக்காக வானத்தைப் பார்த்தார்கள்.

சாபோலுவுக்கு அறுபத்து மூன்று வயது. ஊருக்கு இரண்டு பெரிய பேச்சாளர்கள், அவர்களில் ஒருவர். விருந்தாளிகள் வந்தால் கையில் ஆளுயரத் தடியும் தோளில் தென்னைநார்ச் சாமரமுமாகத் திடலில் நின்று ஊருக்காகப் பேசுவார். ஒலிபெருக்கி கிடையாது. அவர் குரல் திடலைத் தாண்டி, பலா மரங்களைத் தாண்டி, பவளப்பாறையில் மீன் பிடிப்பவர்கள் காதுவரை போகும் என்பார்கள்.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது ஆபத்து.

ஈஸ்டர் அன்று பாதிப் பேச்சில் மூச்சு நின்றது. தடியைப் பிடித்துக்கொண்டு, கரையில் விழுந்த மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். இன்னொரு பேச்சாளரான மசோயே எழுந்து, இவர் விட்ட வாக்கியத்தை அப்படியே பிடித்து முடித்து வைத்தார். முடித்ததுகூடப் பரவாயில்லை. நன்றாக முடித்துவிட்டார்.

டாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இதயம் களைத்துவிட்டது. இரத்தத்தைத் தள்ள அதற்குத் தெம்பில்லை. அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது. உப்பைக் குறைக்க வேண்டும், டின் மாட்டிறைச்சியைத் தொடக் கூடாது, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. தினமும் காலை ஏழு மணிக்கு நான்கு மாத்திரை.

நான்கில் மூன்று சாது. நான்காவதுதான் வில்லன். சின்ன வெள்ளை மாத்திரை. தேங்கிய நீரை வெளியேற்றுவது அதன் வேலை. விழுங்கிய ஒரு மணி நேரத்தில் அது வேலையைத் தொடங்கிவிடும். அப்புறம் காலை முழுக்க, திடலின் மறுகோடியில் இருக்கும் அந்தச் சின்னத் தகரக் கதவுக்கும் வீட்டுக்குமாக நடக்க வேண்டியதுதான்.

பேச்சாளர் எப்படி நடப்பார்? விருந்தாளிகள் எதிரே காத்திருக்க, முதலில் ஊர்ப் பேச்சாளர்கள் திடலில் நின்று, யார் பேசுவது என்று தங்களுக்குள் வாதாட வேண்டும். மரியாதையாகத்தான் வாதாடுவார்கள். ஆனால் ஒரு மணி நேரம் போகும், இரண்டும் போகும். 'சரி, நீங்களே பேசுங்கள்' என்று யார் சொல்கிறாரோ அவர் உட்கார வேண்டியதுதான். நின்ற இடத்தை விட்டு நகர்ந்தாலும் தோற்றதாகத்தான் அர்த்தம். ஜெயித்தவர் அதற்கப்புறம் முழுப் பேச்சும் பேச வேண்டும். இதற்கு நடுவில் தகரக் கதவா?

ஆகவே சாபோலு ஒரு முடிவு செய்திருந்தார். பேச்சு உள்ள நாளில் அந்த மாத்திரை கிடையாது. ஊர்க்கூட்டம், கல்யாணம், சாவு, தினசரிப் பயிற்சி என்று கணக்குப் பார்த்ததில், பேச்சு இல்லாத நாளே அவருக்கு இல்லை.

அடுத்த வாரச் சனிக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள். அன்று உபோலு தீவிலிருந்து நாற்பது பேர் படகேறி வருகிறார்கள், தேவாலயத்தின் புது மண்டபத்தைத் திறந்து வைக்க. ஊர்த் தலைவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்: இன்னொரு ஈஸ்டரை ஊர் தாங்காது. சனிக்கிழமை சாபோலு பேசி முடித்தால் தடி அவரிடம் இருக்கும். முடிக்காவிட்டால் இனி எப்போதும் மசோயேதான்.

அந்த வியாழக்கிழமைதான் நர்ஸ் லூபே வந்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவாள். கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்கவில்லை.

"மாத்திரை எல்லாம் போடுறீங்களா, ஐயா?"

"சூரியன் தவறினாலும் நான் தவற மாட்டேன் மகளே. கடல் வற்றினாலும்..."

"கடல் வத்துறது இருக்கட்டும். உங்க கால் வத்த மாட்டேங்குதே." லூபே பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "இனிமே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துணை ஆள் வேணும்னு மேலிடத்து உத்தரவு. மாத்திரை போடுறீங்களா, எடை பாக்குறீங்களான்னு அவங்க கவனிப்பாங்க. இந்த ஊர்ல இன்னொருத்தருக்கும் எழுதியாச்சு."

"யாருக்கு?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன். உங்களுக்கு யாரு? அம்மா பேரையே எழுதிடவா?"

ரூத்தா விசிறியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் சாபோலுவின் களைத்த இதயம் ஒரு துள்ளு துள்ளியது. காலை, மாலை, சாப்பாட்டில், ஜெபத்தில், எப்போதும் இவள் கேள்வி. அதுவும் அரசாங்கக் கையெழுத்தோடு.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. முப்பது வருடம் சபையில் நின்றவர் மூளை.

"எங்க அக்கா பெனினா பேரை எழுது," என்றார்.

லூபே பேனாவை நிறுத்தினாள். ரூத்தா வாயைத் திறந்தாள்.

எங்கள் பக்கத்தில் தம்பிக்கு அக்காவை மிஞ்சிய மரியாதை யாருக்கும் கிடையாது. அவள் சாப்பிட்ட பிறகுதான் அவன் சாப்பிடுவான். அவள் இருக்கும் வீட்டில் அவன் குரலை உயர்த்த மாட்டான். அதைவிட முக்கியம், அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே உடம்பைப் பற்றிய பேச்சே கூடாது. வயிறு, இடுப்பு, தகரக் கதவு, எதுவும். பேசினால் இரண்டு பேருக்கும் அவமானம். தண்ணீர் மாத்திரையைப் பற்றித் தம்பியிடம் வாயே திறக்க முடியாத துணை ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளைத்தான் சாபோலு தேர்ந்தெடுத்தார்.

லூபேவுக்கும் அது புரிந்தது. ஆனால் அக்கா வேண்டாம் என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? எழுதிக்கொண்டாள்.

அவள் போனதும் ரூத்தா எழுந்து துணிக்கடை பொம்மை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். "நல்லது. முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்டவ வேண்டாம். அக்கா பாத்துப்பாங்க. இனிமே மாத்திரைங்கிற வார்த்தையே என் வாயிலருந்து வராது."

"சத்தியமா?"

"சத்தியமா."

சாபோலு அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். மூச்சு முட்டாமல் இருக்க நாலு தலையணை வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார், அது வேறு விஷயம்.

இரண்டு நாள் கழித்து, இந்த வாரச் சனிக்கிழமையே, பெனினா பஸ்ஸில் வந்து இறங்கினாள். எழுபது வயது. தீவின் மறுபக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஒரு துணிப்பை, ஒரு பைபிள், பாதி முடைந்த ஒரு பாய். லூபே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்கக்கா. பஸ்ல கூட்டமா?"

"கூட்டந்தான் சாபோலு. நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

அதோடு ஆரோக்கியத்தைப் பற்றிய பேச்சு முடிந்தது. சாபோலு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

சிரிப்பு ஞாயிறு காலை ஏழு மணிவரைதான் இருந்தது.

ரூத்தா அக்காவின் முன்னால் தட்டை வைத்தாள். சுட்ட சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பால் ஊற்றிய கீரை, ஒரு துண்டு மீன். அதன் பக்கத்தில் பெனினா ஒரு சின்னத் தட்டை வைத்தாள். அதில் நான்கு மாத்திரை. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்கக்கா."

"ஆகட்டும்."

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கீரை ஆறியது. அக்கா சாப்பிடவில்லை என்றால் தம்பி சாப்பிட முடியாது. தம்பி சாப்பிடவில்லை என்றால் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் சாலையில் நின்று, சாபோலு வீட்டில் அக்காவைப் பட்டினி போடுகிறார்கள் என்று கண்ணாலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சுவரில்லாத வீட்டின் சௌகரியம் இது.

சாபோலு ரூத்தாவைப் பார்த்தார். ரூத்தா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். விசிறி குலுங்கியது.

மாத்திரைகளை எடுத்து வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். பெனினா உடனே ஒரு கிழங்குத் துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மொத்த வீடும் மூச்சுவிட்டது.

சாபோலு சளைத்தவரா? மூன்றை விழுங்கினார். நான்காவதைக் கன்னத்துக்குள் ஒதுக்கினார். பிறகு ஒரு துண்டுக் கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டு, பன்றிக்குப் போடுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனார்.

திங்கள், செவ்வாய், புதன், அதே கதை. அக்கா காத்திருந்தாள், தம்பி வாயில் போட்டார், அக்கா சாப்பிட்டாள், தம்பி பன்றியைப் பார்க்கப் போனார். ஊரில் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் எடை மெஷின் முள் மட்டும் புகழவில்லை. நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினாறரை. காலைப் பயிற்சியில் மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை தடியில் சாய வேண்டியிருந்தது. மாத்திரை போட்டால் நடக்க வேண்டும், போடாவிட்டால் பேச முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மசோயேவின் முகம் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை பெனினா பின்பக்கம் வந்து நின்றாள். பன்றித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பன்றி, காலி வாளியை மூக்கால் முட்டிக்கொண்டிருந்தது. பட்டியின் தரை மழை பெய்த மாதிரி நனைந்திருந்தது. மழை பெய்து எட்டு நாளாகிறது.

"ரூத்தா, இந்தப் பன்னிக்கு என்ன, இவ்வளவு தாகம்?" என்று கேட்டாள்.

ரூத்தா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கென்ன தெரியும் அண்ணி. நான் சத்தியம் பண்ணியிருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லலாம். இந்த ஊர்லயே இதயம் நல்லா இருக்கிறது அந்தப் பன்னிக்குத்தான்."

பெனினா பன்றியைப் பார்த்தாள். தூரத்தில் திடலில் தடியூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். அவருக்கும் தகரக் கதவுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மத்தியானம் திரும்பினாள். வீட்டுக்கு வரவில்லை; நேராக ஊரின் மேற்கு மூலைக்கு நடந்தாள். அங்கே யார் வீடு இருக்கிறது என்று சாபோலுவுக்குத் தெரியும். ஆனால் நம்ப முடியவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு நம்ப வேண்டியதாயிற்று. மசோயே வந்தார். சாதாரணமாக வரவில்லை. தோளில் சாமரம், கையில் ஆவா வேர், சபையில் இடித்துக் கரைத்துக் குடிப்பார்களே, அந்தக் காய்ந்த வேர். தூது சொல்ல வருகிறவர் எப்படி வர வேண்டுமோ அப்படி வந்து, முன்தூண் அருகே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆவா வேரை முன்னால் நகர்த்தினார்.

"என்னய்யா இது கோலம்?" என்றார் சாபோலு.

"உங்க அக்கா அனுப்பிய தூது. அவங்க வாயால சொல்ல முடியாத சமாச்சாரம். சின்னப் பொண்ணு நர்ஸ் சொன்னா நீ கேக்க மாட்டியாம். முறைப்படி பேச்சாளர் வந்து சொன்னாத்தான் உன் காதுல ஏறுமாம். ஊர்ல உன்னை விட்டா நான்தானே பேச்சாளர்." மசோயே தொண்டையைக் கனைத்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் துணியில் முடிந்து வைக்கலாம் போலிருந்தது.

வீட்டின் பின்னோரத்தில் பெனினா முதுகைக் காட்டி உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருந்தாள். இங்கே நடப்பது எதுவும் அவள் காதில் விழவில்லை. அதாவது, விழவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மசோயே ஆரம்பித்தார்:

"உயர்ந்தோர் சாயும் முன்தூணுக்கு வணக்கம். நாளை ஒரு பெரிய படகு கடலில் இறங்குகிறது. அதன் பாய் அழகு, அதன் துடுப்பு வலிது. ஆனால் அடித்தட்டில் நீர் ஏறியிருக்கிறது. நீர் ஏறிய படகு பாறை இடுக்கைத் தாண்டாது. இறைக்காமல் இறக்கினால் மூழ்கும். இறைத்துக்கொண்டே ஓட்டினால், ஓட்டுகிறவன் துடுப்பை விட வேண்டும். ஆதலால் இறைப்பதற்கு ஒரு நேரம் உண்டு, ஓட்டுவதற்கு ஒரு நேரம் உண்டு என்கிறது பெரியவர் வாக்கு."

இங்கே மசோயே ஒரு முறை நிறுத்தி மூச்சு இழுத்தார். வழக்கமாக இந்த நீளத்தை ஒரே மூச்சில் சொல்கிறவர். சாபோலு அதைக் கவனித்து மனதில் போட்டுக்கொண்டார்.

"அந்த நேரம் எது? கதிரவன் தென்னையின் உச்சியைத் தொடும் நேரம். அப்போது இறைப்பாயாக."

பாய் முடையும் சத்தம் நின்றது.

சாபோலு திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சாளர் காது திரும்பாமலே பார்க்கும். பெனினா ஒரு முறை இருமினாள். அவளுக்கு இருமல் கிடையாது. திரும்பிச் சொல்ல முடியாது, சொன்னால் அந்த விஷயத்தையே பேசியதாகிவிடும். அடுத்த ஓலையை அவள் இழுத்த இழுப்பில் அது கிழிந்துபோனது.

"தென்னை உச்சியா? நல்லாக் கேட்டியா, மசோயே?"

"என் காதுல என்ன கோளாறு? உச்சியேதான்."

மசோயே போன பிறகு சாபோலு கணக்குப் போட்டார். மே மாதத்தில் தென்னை உச்சியில் வெயில் படும்போது மணி ஏழு. மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். விருந்தாளிகள் திடலுக்கு வருவது எட்டு மணி. சரியாக வாதம் தொடங்கும்போது சாபோலுவின் கால் தகரக் கதவைத் தேடும்.

"பாவி," என்றார் தனக்குள், கொஞ்சம் வியப்போடு. ஒரே ஒரு வார்த்தையை மாற்றி ஆளைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறான்.

அக்கா சொல்லியனுப்பிய நேரம் வேறு. அது எது? ரூத்தாவிடம் போனார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லு."

"சத்தியம் பண்ணியிருக்கேன். கர்த்தர் பாத்துக்கிட்டிருக்கார். அண்ணியும் பாத்துக்கிட்டிருக்காங்க."

"விளையாட இது நேரமில்ல ரூத்தா. நாளைக்கு என் தடி போயிடும்."

ரூத்தாவின் கை நின்றது. "தடி போனா போகட்டும்," என்றாள், குரல் மாறியிருந்தது. "நாலு தலகாணி வச்சு உக்காந்து தூங்குறீங்களே, அந்த மூச்சை எண்ணிக்கிட்டுப் பக்கத்துல படுத்திருக்கேன் நான். அது போயிடக் கூடாது." பிறகு பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அக்காவைத் துணை ஆளா வச்சீங்கல்ல. அவங்களை நம்புங்க."

பேச வாய் இல்லாத அக்காவை எப்படி நம்புவது? எதுவும் வேண்டாம், நாளைக்கு மாத்திரையே கிடையாது என்று தீர்மானித்து சாபோலு தலையணைகளில் சாய்ந்தார்.

விழித்தது ஜெபப் பாட்டு கேட்டு. கூரைக்கு அப்பால் இன்னும் நட்சத்திரம். சேவல்கூட எழவில்லை. நடுவீட்டில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பெனினா உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். காலை ஜெபம் வழக்கமாக ஆறரைக்கு. தூணில் மாட்டிய கடிகாரம் நாலே முக்கால் காட்டியது.

அக்கா ஜெபத்துக்கு உட்கார்ந்தால் தம்பி படுத்திருக்க முடியுமா? போய் எதிரே உட்கார்ந்தார். அவளுக்கு முன்னால் ஒரு கோப்பைக் கோகோ, ஆவி பறந்துகொண்டு. பக்கத்தில் பைபிள். பைபிளின்மேல் ஒரே ஒரு மாத்திரை. சின்ன வெள்ளை மாத்திரை.

பெனினா ஆமென் சொன்னாள். கோகோவைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சூரியன் இன்னும் வராத கிழக்கை ஒரு பார்வை பார்த்தாள்.

சாபோலுவுக்கு அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது. தென்னை உச்சி என்ன, தென்னையே கண்ணுக்குத் தெரியாத நேரம். இப்போது இறைத்தால் எட்டு மணிக்குள் படகு காலி. இவ்வளவுதானா? நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதுமா? இத்தனை வாரம் இதை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்டிருந்தால் அந்தச் சின்னப் பெண் லூபே ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

மாத்திரையை எடுத்தார். கன்னத்தில் ஒதுக்கவில்லை. விழுங்கிவிட்டு, திறந்த வாயோடு ஒரு நொடி இருந்தார். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் கோகோவை எடுத்து நிதானமாக ஒரு மடக்குக் குடித்தாள்.

அடுத்த இரண்டரை மணி நேரம் சாபோலு தகரக் கதவுக்குப் பதினொரு முறை போய்வந்தார். முதலில் இருட்டு, விடிந்த பிறகு ஊரே மண்டப வேலையில்; யாரும் பார்க்கவில்லை. பன்றி மட்டும் பார்த்தது, பழகிய கண்ணோடு. ஏழரை மணிக்கு மெஷினில் ஏறினார். தூணைத் தொடவில்லை. நூற்றுப் பதினைந்துக்குக் கீழே முள் ஆடியது. குனிந்து நிமிர்ந்து பார்த்தார். மூச்சு எங்கேயும் இடிக்காமல் போய்வந்தது.

எட்டு மணி. திடல். எதிரே நாற்பது விருந்தாளிகள். மூன்று சின்னப் பேச்சாளர்கள் மரியாதைக்கு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மிச்சம் அருகருகே இரண்டே தடி.

"இன்று பேசும் உரிமை என் வீட்டுத் தூணுக்கு உரியது," என்று தொடங்கினார் மசோயே.

"தூண் தங்களுடையது, கூரை என்னுடையது," என்றார் சாபோலு.

மசோயேவின் பார்வை சாபோலுவின் முகத்தில் இல்லை, முழங்காலில் இருந்தது. எப்போது முழங்கால் ஒட்டும் என்று காத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் சாபோலுவுக்குள் விஷமம் ஊறியது. மெதுவாக ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றினார். முழங்கால்களை ஒட்டினார். தகரக் கதவை ஒரு கள்ளப் பார்வை பார்த்தார்.

மசோயேவின் முகம் மலர்ந்தது. இன்னும் ஐந்து நிமிடம் இழுத்தால் போதும் என்று முடிவு செய்து, தன் வம்சத்தைப் பாட்டன் காலத்திலிருந்து எடுத்தார்.

சாபோலு நெற்றியைத் துடைத்தார். உதட்டைக் கடித்தார். மசோயே பாட்டனை விட்டுப் பூட்டனுக்குப் போனார். சாபோலு லேசாக முனகினார். மசோயே பூட்டனின் படகை, அந்தப் படகு கண்ட தீவுகளை, ஒவ்வொரு தீவின் காற்றையும் வரிசையாகக் கூப்பிட்டார்.

அரை மணி. முக்கால் மணி. வெயில் ஏறியது. பாட்டன்களுக்கு நடுவே இடைவெளி வர ஆரம்பித்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. பிறகு ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. சாபோலு முழங்கால் நாடகத்தை மறந்து நிமிர்ந்து பார்த்தார். மசோயேவின் கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. உதடு வெளுத்திருந்தது. அந்தத் திறந்து மூடும் வாய் அவருக்குத் தெரிந்த வாய். ஈஸ்டர் அன்று அவருடைய முகத்திலேயே இருந்தது.

இந்த ஊரில் இன்னொருத்தருக்கும் எழுதியாச்சு என்று லூபே சொன்னது ஞாபகம் வந்தது.

நின்ற இடத்தை விட்டு நகராமல் அவர் பக்கம் சாய்ந்தார். விருந்தாளிகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இன்னிக்கு மாத்திரை போடலியா?"

"பேச்சு... நாள்ல... எவன்... போடுவான்..."

"அடப்பாவி. சரியான நேரம் முதல்ல விழுந்தது உன் காதுலதானே. அதைக் கேட்டு நீயாவது போட்டிருக்கலாமே."

"நர்ஸ் சொன்னத... உங்க அக்கா சொல்லி... நான்... எதுக்கு நம்பணும்..."

"உக்காரு. நான் பாத்துக்கிறேன்."

மசோயே ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு மிச்சமிருந்த மூச்சைச் சேர்த்து, திடல் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "சரி. நீங்களே பேசுங்கள்."

சாபோலு அவர் முழங்கையைப் பிடித்து, பெரிய மரியாதை செய்வது போல, பலா மர நிழல்வரை நடத்திக்கொண்டுபோய்ப் பாயில் உட்கார்த்தினார். விருந்தாளிகள் அந்தப் பண்பை மெச்சித் தலையாட்டினார்கள். விழா பார்க்க வந்து தேவாலயப் படியில் உட்கார்ந்திருந்த லூபே பையைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினாள்.

சாபோலு பேசினார். நாற்பது நிமிடம். தடி கையில் இருந்தது, அவ்வளவுதான், அதில் சாயவில்லை. கடைசி வாக்கியம் பவளப்பாறைவரை போனதா தெரியாது. திடலின் கோடியில் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரூத்தாவரை போனது.

பிறகு ஆவா வழங்கினார்கள். சாபோலு தன் சிரட்டையில் பாதியைக் கடவுளுக்கென்று தரையில் ஊற்றினார். மிச்சத்திலும் ஒரு மடக்குதான். கடவுளுக்கு இவ்வளவு தாராளமாக அவர் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

மசோயே இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, ஆறு கிலோ இளைத்துத் திரும்பினார். புதன் சாயங்காலம் சாபோலு அவர் வீட்டுக்குப் போனார். தோளில் சாமரம், கையில் ஆவா வேர். முன்தூண் அருகே உட்கார்ந்தார்.

பின்னோரத்தில் இரண்டு பெண்கள் முதுகைக் காட்டிப் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மசோயேவின் அக்கா. அவரும் படிவத்தில் அக்கா பெயரைத்தான் எழுதியிருந்தார். இன்னொருத்தி பெனினா, ஊருக்குப் போவதற்குமுன் இவளுக்கு ஒன்றிரண்டு பின்னல் கற்றுக்கொடுக்கிறாளாம்.

"ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல நான்தான் பேசணும்," என்றார் மசோயே. "சொல்லு. எப்ப இறைக்கிறது?"

சாபோலு தொண்டையைக் கனைத்தார். மசோயேவின் கண்ணைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. மாற்றினால் யாருக்குத் தெரியும்?

"படகில் நீர் ஏறியிருக்கிறது. இறைக்க ஒரு நேரம் உண்டு. கதிரவன் தென்னையின்..."

பின்னோரத்தில் பெனினா இருமினாள்.

"...தென்னையே கண்ணுக்குத் தெரியாத நேரத்தில்," என்று முடித்தார் சாபோலு. "அஞ்சு மணிக்கு முன்னாடி, மசோயே. கன்னத்துல ஒதுக்காம முழுங்கு. எங்க பன்னி உன் மாத்திரையையும் சேத்துத் தாங்காது."